சேலத்தில் கைரேகை எடுத்துத் தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய காவல்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சேலத்தில் நர்சிங் பாடம் நடத்தும் ஆசிரியை. என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் இன்று வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் வேலை பார்க்கிறார்கள். அமெரிக்காவுக்கு முயற்சி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பரீட்சைக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட ஒரு கைரேகை அட்டைக்காக மாதக்கணக்கில் அலைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் தருவது அந்தந்த மாநிலத்தின் நர்சிங் போர்டு. விண்ணப்பிக்கிறவர் மேல் குற்றப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று பல மாநிலங்கள் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே லைசென்ஸ் கொடுக்கின்றன. 1972-இல் அங்கே நிறைவேறிய சட்டம் ஒன்று இதற்கு இடம் தருகிறது. அந்த ஊரில் இருப்பவர் ஒரு மையத்துக்குப் போய்க் கண்ணாடி மேல் விரலை வைத்தால் வேலை முடிந்தது. ரேகை கம்ப்யூட்டர் வழியே போய்விடும். சேலத்துப் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. எஃப்.டி.258 என்ற அட்டையில் பத்து விரலையும் மை தடவி உருட்டி எடுத்து, எடுத்தவர் கையெழுத்தும் தேதியும் போட்டு, அந்த அட்டையைக் கூரியரில் அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் உங்களிடம் வருகிறார்கள்.

வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பாஸ்போர்ட் ஆபீஸில் பி.சி.சி. வாங்கிக்கோங்க" என்பது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பி.சி.சி. என்ற போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட், இங்கே வழக்கு இருக்கிறதா என்று சொல்லும் சான்று. போர்டு கேட்பது அமெரிக்கப் பதிவுகளில் தேடுவதற்கான ரேகை. ஒன்றுக்குப் பதிலாக மற்றதை அனுப்ப முடியாது. அப்புறம், இன்னொரு தயக்கத்தையும் கவனித்திருக்கிறேன். வெளிநாட்டு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஏதாவது வம்பு வருமோ என்ற தயக்கம். அந்தப் பெண் நல்லவளா கெட்டவளா என்று அட்டையில் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. இந்த ரேகை என் முன்னால், இந்த ஆளின் விரலில் இருந்து எடுக்கப்பட்டது. அவ்வளவுதான் உங்கள் கையெழுத்துக்குப் பொருள். பாஸ்போர்ட்டைப் பார்த்து முகத்தைச் சரிபார்த்தாலே அதற்குப் போதும். இதை மேலிடத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால், முன்மேஜையில் இருப்பவர் யாரிடமும் கேட்காமல் சம்மதிக்கலாம்.

தாமதம் எல்லாம் அமெரிக்காவில்தான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எஃப்.பி.ஐ. 1999-இல் கைரேகைத் தேடலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோதே, லைசென்ஸுக்காகவும் வேலைக்காகவும் மின்வழியில் வரும் ரேகைகளுக்கு 24 மணி நேரத்தில் பதில் தருவது என்று இலக்கு வைத்துக்கொண்டது. 2014-இல் அதைவிடப் பெரிய அமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்து அது இயங்குகிறது. தேடுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. நாள் போவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். இங்கே ரேகை எடுத்துத் தர ஆள் கிடைப்பதற்கு ஆகும் நாள், கூரியர் போய்ச்சேரும் நாள், அங்கே யாரோ அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றும் நாள், வந்த பதிலைப் போர்டு ஊழியர் ஃபைலில் சேர்க்கும் நாள். நடுவில் "ரேகை தெளிவாக இல்லை" என்று அட்டை நிராகரிக்கப்பட்டால் எல்லாம் முதலில் இருந்து. இரண்டு முறை அப்படி ஆனால், ரேகைக்குப் பதில் பெயரை வைத்துத் தேடச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. அந்த இரண்டாவது நிராகரிப்பு வருவதற்குள் எத்தனை மாதம் ஓடிவிடும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வரிசையில் சேலத்தில் இருந்துகொண்டு நம்மால் குறைக்கக்கூடியது முதல் கட்டம். தெளிவான ரேகை போனால் நிராகரிப்பும் குறையும்.

நர்ஸின் விரலில் ரேகை எடுப்பது சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை கழுவுகிறவள் அவள். ஸ்பிரிட், சானிடைசர், கையுறை என்று வருடக்கணக்கில் பட்டுப் பட்டுத் தோல் வறண்டு, விரல் நுனியில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். என் பழைய மாணவி ஒருத்தி ஏற்காட்டில் நாகலூருக்கு அந்தப் பக்கம். காபிப் பழம் பறிக்கும் காலத்தில் லீவுக்கு வீட்டுக்குப் போனால் அம்மாவோடு தோட்டத்தில் இறங்கிவிடுவாள். அவளுடைய ஆள்காட்டி விரலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, நடுவில் ரேகையே தெரியாமல் வழவழவென்று இருந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ரேஷன் கடை மெஷினில் நம் வீட்டுப் பெரியவர்களின் விரல் பதியாமல் திண்டாடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்படிப்பட்ட கையை அவசரத்தில், ஸ்டாம்ப் பேடு மையில் அழுத்தி எடுத்தால் அட்டையில் கறுப்புப் பொட்டுதான் விழும். அச்சு மையைக் கண்ணாடித் தட்டில் ரோலரால் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். விரலைத் துடைத்து ஈரம் போகக் காயவைத்து, நகத்தின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை ஒரே சீராக, ஒரே தடவையில் உருட்ட வேண்டும். கட்டைவிரல் உடம்பை நோக்கி, மற்ற விரல்கள் உடம்பை விட்டு வெளியே. கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்லி, உருட்டுவதை நீங்களே செய்ய வேண்டும். அவளே உருட்டினால் இழுபட்டுப் போகும். கீழ் வரிசையில் நான்கு விரல்களையும் சேர்த்துத் தட்டையாக ஒரு பதிவு, கட்டைவிரல்களுக்குத் தனிப் பதிவு. விரல் இல்லாவிட்டாலோ கட்டுப் போட்டிருந்தாலோ அந்தக் கட்டத்தைச் சும்மா விடாமல் காரணத்தை எழுத வேண்டும். உங்கள் கைரேகைப் பிரிவில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையே இல்லை. திருட்டு நடந்த வீட்டுப் பீரோவின் கைப்பிடியில் இருந்து ரேகையைத் தேடி எடுக்கிறவர்கள் அவர்கள். உலகின் முதல் கைரேகைக் கூடம் 1897-இல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அங்கே உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற நம் நாட்டு அதிகாரிகள். திறமை நம்மிடம் இருக்கிறது. அந்தத் திறமை இருப்பவரிடம் இந்தப் பிள்ளைகள் போய்ச்சேர ஒரு வழி வேண்டும்.

மேலே சொன்ன ஏற்காட்டு மாணவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் ஒரு அலுவலகத்துக்குப் போனாள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். சார் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வா என்றார்கள். மறுநாள், இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, காசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். கடைசியில் தெரிந்தவர் மூலமாக வேறொரு இடத்தில் எடுத்து அனுப்பி, அதுவும் தெளிவில்லை என்று நிராகரிக்கப்பட்டபோது போனில் அவள் அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

விசாவுக்கு எப்படியும் வருடக்கணக்கில் காத்திருக்கத்தானே போகிறார்கள், இதற்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். சில போர்டுகள் இந்தக் குற்றப் பதிவுச் சோதனை முடிந்தால்தான் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் பரீட்சை எழுதவே அனுமதிக்கின்றன. ஒரு மாநிலத்துக்காக எடுத்த சோதனை முடிவை இன்னொரு மாநிலம் ஏற்றுக்கொள்ளாது. மாநிலம் மாறினால் மறுபடி ரேகை. ஒரு அட்டை தாமதமானால் பின்னால் இருக்கும் எல்லாமே தள்ளிப்போகிறது.

பெயர் விஷயம் ஒன்றும் இருக்கிறது. அட்டையில் குடும்பப் பெயர், முதல் பெயர், நடுப் பெயர் என்று கட்டம். நமக்கோ இனிஷியல். நர்சிங் கவுன்சில் பதிவில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். அதைப் பார்த்ததும் அங்கே ஃபைல் நின்றுவிடும். அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் ஒரு பார்வை பார்த்தால் பெரிய உதவி.

நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட நேரம், பயிற்சி பெற்ற ஒருவர். மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே இடம் என்றாலும் போதும். கட்டணம் வைத்தால் வையுங்கள், ரசீது கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அட்டை எடுத்துக் கொடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று கையில் இருக்கும். எடுத்த பதிவைப் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, சரியில்லாத விரலை அங்கேயே மறுபடி எடுங்கள். அறிவிப்பு தமிழில் வாசலில் ஒட்டியிருக்கட்டும். ஏற்காட்டில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவள், என்றைக்கு வந்தால் வேலை நடக்கும் என்று தெரிந்து வரட்டும்.

அமெரிக்கப் போர்டுகளிடம் கேட்க வேண்டியதும் உண்டு. ரேகை கிடைத்ததா, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று விண்ணப்பதாரருக்கு ஒரு வரி எழுதலாம். அதை அவர்களுக்குத் தனியாக எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். போர்டின் அடையாள எண் அச்சிட்ட அட்டை, பாஸ்போர்ட், போர்டின் கடிதம், எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் பிள்ளைகளை அனுப்புவோம். ரேகை எடுப்பதற்கு முன் சில நாட்கள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அன்று காலையில் நன்றாகக் கழுவி வரச் சொல்வோம். நல்ல மையும் ரோலரும் வாங்கித் தரவும் தயார். கிழமையையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேலத்தில் இருந்து ஒரு நர்சிங் ஆசிரியை