912 யூஎல்எஸ்-க்கு எந்த எரிபொருள்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நேற்று வந்தது. உன் சிறு விமானத்தில் ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சினை மாட்டி முடித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. "பங்க் பெட்ரோலே இப்போது 95 ஆக்டேன், எஞ்சின் புத்தகமும் 95தான் கேட்கிறது, பிறகென்ன தடை?" என்று கேட்டிருந்தாய். பங்க் பெட்ரோலை ஊற்றாதே. ஏன் என்று எழுதுகிறேன்.

ஆக்டேனைப் பொறுத்தவரை உன் கணக்கு சரி. 80 குதிரைத்திறன் 912 யூஎல்-க்கு ஆர்ஓஎன் (நம் ஊர் ஆக்டேன் அளவுகோல்) 90 போதும். உன்னுடையது 100 குதிரைத்திறன், அழுத்த விகிதம் 10.8. அதனால்தான் 95. அமெரிக்கப் புத்தகத்தில் 91 என்று பார்த்தால் ஏமாந்துவிடாதே. அது வேறு அளவுகோல், நம் 95-க்குச் சமம். 91 ஆர்ஓஎன் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் நாக் ஆகும், அதாவது கலவை நேரம் தவறி வெடித்துத் தட்டும். காரில் அந்தச் சத்தம் காதில் விழும். விமானத்தில் ப்ரொப்பெல்லர் இரைச்சல் அதை மூடிவிடும், பிஸ்டன் தலையும் ரிங் பள்ளங்களும் உடைந்த பிறகுதான் தெரியவரும்.

தடை எத்தனால்தான். ரோடாக்ஸ் அனுமதிப்பது 10 சதவீதம் வரை, நம் பங்கில் வருவதோ 20. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலிந்துபோகும். புதிய கார்களில் சென்சார் அதைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். உன் எஞ்சினிலுள்ள பிங் நிறுவனக் கார்புரேட்டருக்கு அது தெரியாது. மெலிந்த கலவையிலேயே ஓடி எஞ்சின் சூடேறும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாக இறங்கிவிடும், எஞ்சினுக்குப் போகும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கோ ஆக்டேன் குறைந்திருக்கும். ஃபைபர் டேங்க், ஓ-ரிங், பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறிப்போகும்.

சித்திரை வெயிலில் ஆவி அடைப்பும் சேர்ந்துகொள்ளும், அதாவது எரிபொருள் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்துவிடும். ஏவ்காஸ் எனும் விமானப் பெட்ரோலின் ஆவி அழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும், பெட்ரோலில் அது 60-ஐ எட்டும். பறந்து வந்து நிறுத்திவிட்டுக் கால் மணி நேரத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் ஆபத்து. எரிபொருள் அழுத்தம் 0.15 பாருக்குக் கீழே போனால் ஓடுபாதைக்கே போகாதே. டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனைப் பொருத்தியிருக்கிறாயா என்று முதலில் பார்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் என்று யாராவது விற்றால், வாய்ப்பேச்சை நம்பாமல் சோதித்துவிடு. 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 100 கோடு வரை பெட்ரோல். நன்றாகக் குலுக்கிச் சில நிமிடம் அசையாமல் வை. தண்ணீர்க் கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 19-ஐ ஒட்டி வந்தால் 10 சதவீதம், 28 பக்கம் போனால் 20.

ஆகவே என் முடிவு 100எல்எல் என்ற ஏவ்காஸ். 2022 செப்டம்பர் முதல் இந்தியன் ஆயில் அதைக் குஜராத் சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாரிக்கிறது. அதுவரை முழுக்க இறக்குமதிதான். ஆனால் அதிலுள்ள ஈயத்தை நீ சமாளித்தாக வேண்டும். லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். மணிக்கு 18 லிட்டர் என்று வைத்தால் 25 மணி நேரத்தில் கால் கிலோ ஈயம் எஞ்சினைக் கடந்துபோகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும், மிச்சம் ஆயிலில் சாம்பல்நிறச் சேறாகத் தங்கும். கியர்பாக்ஸ் கிளட்சிலும் போய் ஒட்டும், ஏனென்றால் கியருக்கும் அதே ஆயில்தான்.

பறக்கும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஏவ்காஸ் என்றால் ஆயிலும் ஃபில்டரும் 50 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நான் 25 என்றே சொல்வேன். முழு சிந்தெடிக் ஆயில் ஈயத்தைத் தாங்கிப் பிடிக்காது, அதனால் செமி சிந்தெடிக், கியருக்கும் ஏற்றதாகப் பார்த்து வாங்கு. லைகமிங் நிறுவன விமான எஞ்சினுக்கு ஊற்றும் விமான ஆயில் இதற்கு ஆகாது. ஆயிலை மாற்றும்போதெல்லாம் ஆயில் டேங்கின் அடியையும் துடைத்துவிடு. கியர்பாக்ஸ் சோதனையை 600 மணி நேரத்தில் வை.

தினமும் முதல் பறப்புக்கு முன் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார். 100எல்எல் நீலமாக இருக்கும். ஜெட் எரிபொருள் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடு. ஏவ்காஸ் காய்ந்துவிடும், ஜெட் எண்ணெய் வளையம் விட்டுப்போகும். பெட்ரோலும் ஏவ்காஸும் கலந்த டேங்கில் நீலம் வெளுத்துவிடுவதால் நிறத்தை மட்டும் நம்பாதே.

முதல் 25 மணி நேரம் முடிந்ததும் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் படம் எடுத்து அனுப்பு. அதுவரை ஓடிய ஆயிலின் பெயரையும் எழுது.

அன்புடன்,
ராமு