பூஜ்யம் வேறு, காலி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நரம்பு நோய்களைக் கணினியே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடும் என்ற கட்டுரையைப் படித்தேன். கண்டுபிடிக்கட்டும், சந்தோஷம். ஆனால் அந்தக் கணினிக்குத் தீனி போடும் ஆட்களில் நானும் ஒருவன். டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் பிரித்துக் கட்டம் கட்டமாக ஏற்றுவதுதான் என் வேலை. அந்தப் பக்கம் நடப்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பார்க்கின்சன் நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கம், விறைப்பு, நடை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட யு.பி.டி.ஆர்.எஸ். என்ற அளவுகோல் இருக்கிறது, இதில் மதிப்பெண் கூடினால் நோய் அதிகம் என்று அர்த்தம். காலையில் லெவோடோபா மாத்திரை போடும் முன் பார்த்தால் ஒரு மதிப்பெண், போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது வெகுவாகக் குறைந்திருக்கும். டாக்டர் 'மருந்து வேலை செய்யும்போது' என்று ஓரத்தில் கிறுக்கியிருப்பார், படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லாவிட்டால் வெறும் எண் மட்டும்தான் உள்ளே போகும், கணினியும் பாவம், நோய் குணமாகிறது என்று நம்பிக்கொள்ளும்.

பக்கவாதத்துக்கான என்.ஐ.எச்.எஸ்.எஸ். அளவுகோலில் கதை இன்னும் மோசம். 0 முதல் 42 வரை போகும், 0 என்றால் குறை எதுவும் இல்லை. கால் துண்டிக்கப்பட்டவருக்கு அந்தக் காலைச் சோதிக்க முடியாது, 'சோதிக்க இயலவில்லை' என்றுதான் குறிக்க வேண்டும். ஆனால் எண் போடாமல் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்று மென்பொருள் அடம்பிடித்தால் என்ன செய்வது? 0 தட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் தட்டியிருக்கிறேன். இல்லாத கால் நன்றாக இயங்குவதாகப் பதிவில் இருக்கிறது!

'வலிப்பு இல்லை' என்ற குறிப்பும், 'தாயாருக்கு வலிப்பு உண்டு' என்ற குறிப்பும் வெறும் சொல்லைத் தேடும் நிரலுக்கு ஒன்றுதான், இரண்டிலும் நோயாளிக்கே வலிப்பு என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் இந்த நோய்க் குறியீடுகள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பழைய பதிப்பான ஐ.சி.டி.-10இல் பக்கவாதம் ரத்த ஓட்ட நோய்களுக்கான அத்தியாயத்தில் இருந்தது, புதிய பதிப்பான ஐ.சி.டி.-11இல் நரம்பு மண்டல நோய்களோடு சேர்த்துவிட்டார்கள். மாற்றம் சரியானதுதான், ஆனால் அத்தியாயத்தை வைத்து எண்ணுகிறவருக்கு நரம்பு நோயாளிகள் திடீரென்று பெருகியதுபோல் தெரியும்.

கட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டால்தான் ஓர் இடத்துத் தரவை இன்னோர் இடத்தோடு ஒப்பிட முடியும். நான் கேட்பது இரண்டே இரண்டு: 'சோதிக்கவில்லை', 'தெரியவில்லை' என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் கொடுங்கள், டாக்டர் எழுதிய வாக்கியத்தைத் தூக்கிப்போடாமல் எண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். ஒரு வரிதானே, எவ்வளவு இடத்தைப் பிடித்துவிடப் போகிறது?

இப்படிக்கு,
மருத்துவக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் ஒரு வாசகன்