வாங்கிய நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

"மெட்டா ஜெயிச்சிருச்சும்மா, நான் வேற தலைப்புதான் பார்க்கணும்" என்று நீ போனில் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய கம்பனி போட்டிக்கு வரக்கூடிய சின்னக் கம்பனியை வாங்குவதைப் பற்றித்தானே நீ எழுத இருந்தாய். ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டா, அப்படி வாங்கியதற்காக அமெரிக்காவில் நடந்த வழக்கில் ஜெயித்ததும் விட்டுவிடுவதா? சட்டம் படிக்கிற பிள்ளை, யார் ஜெயித்தார்கள் என்பதை மட்டும் பார்த்து ஒரு விஷயத்தைக் கைவிடலாமா?

போட்டி போடுவதைவிட வாங்கிவிடுவது நல்லது என்று ஃபேஸ்புக்கைத் தொடங்கிய சக்கர்பேர்க் 2008இலேயே ஒரு மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். 2012இல் 1 பில்லியன் டொலருக்கு இன்ஸ்டகிராமை வாங்குவதாக அறிவித்தபோது அங்கே 13 பேர்தான் வேலை செய்தார்கள். 2014இல் வட்ஸ்அப்புக்கு 19 பில்லியன். கம்பனிகளுக்கிடையே போட்டி கெடாமல் பார்க்கும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, இன்ஸ்டகிராம் விற்பனையை 2012இல் விசாரித்துப் பார்த்துவிட்டுத் தடுக்காமல் விட்டது. அதே ஆணைக்குழுதான் 2020 டிசம்பரில், இந்த இரண்டையும் வாங்கி ஏகபோகம் பிடித்ததாக வழக்குப் போட்டது! சாட்சி விசாரணை தொடங்க 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. நவம்பரில் நீதிபதி போஸ்பேர்க், முன்பு எப்படி இருந்திருந்தாலும் இன்றைக்கு மெட்டாவுக்கு ஏகபோகம் இருப்பதாக ஆணைக்குழு நிரூபிக்கவில்லை, டிக்டொக்கும் யூடியூப்பும் போட்டிக்கு நிற்கின்றன என்று சொல்லிவிட்டார்.

நீதிபதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது, பார். ஃபேஸ்புக்கில் மக்கள் செலவிடும் நேரத்தில் 17 சதவீதமும் இன்ஸ்டகிராமில் 7 சதவீதமும்தான் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பதில் போகிறதாம். மீதியில் பெரும்பகுதி முன்பின் தெரியாதவர்களின் வீடியோ. சொந்தபந்தத்தைப் பார்க்கப் போன இடம் இப்படி ஆனதே கம்பனிக்குச் சாதகமாகிவிட்டது. தங்கள் காசைப் போட்டுத்தான் இன்ஸ்டகிராம் வளர்ந்தது என்கிறார்கள் மெட்டாக்காரர்கள். இருக்கலாம். தனியாக நின்றிருந்தால் அது எப்படி வளர்ந்திருக்கும் என்று இனி யாரால் காட்ட முடியும்? வாங்கிய அன்றைக்கே அந்தச் சாட்சி போய்விட்டது.

தேயிலைச் சிறுதோட்டக்காரர்களை நினைத்துப் பார். இரண்டு பெக்டரி லொறியும் கொழுந்தெடுக்க வரும்வரைதான் அவர்கள் விலை பேச முடியும். ஒரு பெக்டரி மற்றதை வாங்கிவிட்டால்? பத்து வருடம் கழித்துப் புதிதாக ஒரு லொறி வருகிறது என்பதற்காக, இடையில் குறைந்த காசை யார் திருப்பித் தருவார்கள்?

அப்புறம் நம் இலங்கையின் கதையைப் பார். கம்பனிகள் ஒன்றையொன்று வாங்குவதை விசாரிக்கும் அதிகாரம் 1987ஆம் ஆண்டு நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அது இல்லை. 2024இல் டயலொக், ஏர்டெல் லங்காவை வாங்கியபோது பார்ப்பதற்குத் தொலைத்தொடர்புக்கென்று ஓர் ஆணைக்குழுவாவது இருந்தது. நாளைக்குக் கொழும்பில் நாலு பிள்ளைகள் சேர்ந்து செய்த ஒரு செயலியைப் பெரிய கம்பனி ஒன்று வாங்கி மூடினால் யார் கேட்பது? நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இப்போது அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தலைப்பை மாற்றாதே, மகள். இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்து, எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று எழுது. தமிழ்ப் பிரதி கிடைத்தால் எனக்கும் அனுப்பு, நானும் வாசிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா