எதிரே போய் உட்கார்ந்து பார்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். என் முட்டி வலி குறைந்திருக்கிறது, காலையில் கொஞ்சம் நடக்கிறேன்.

கடைசியில் இரண்டே வரியில் எழுதியிருந்தாயே, இரவில் ஓட்டினால் ரோடே தெரியவில்லை, ஹெட்லைட்டுக்கும் ஃபாக் லைட்டுக்கும் எல்இடி போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்று, அதற்குத்தான் இந்தப் பதில். பல்பு வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடு. போன வருஷம் இதே வழியில் போய்விட்டுத் திரும்பி வந்தவன் நான்.

என் வண்டியில் இருப்பதும் உன்னுடையதைப் போல எச்4 என்கிற ஹாலஜன் பல்புதான். ஒரே பல்பில் டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை. 55 வாட், 60 வாட். அதைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினேன். அன்று ராத்திரி வண்டிக்கு முன்னால் பால் கொட்டினாற்போல வெளிச்சம். மனசு நிறைந்துவிட்டது. ஆனால் வழி நெடுக எதிரே வந்தவர்கள் டிப் அடித்துக்கொண்டே போனார்கள். டிம்மில்தானே போகிறோம், ஏன் அடிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வளைவில் எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் ஒரு கையால் கண்ணை மறைத்தபடி ஓரத்து மண்ணில் இறங்கி, காலை ஊன்றி நின்றுவிட்டார். பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, விழவில்லை. அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வீடு வந்ததும் மகனை வண்டியில் உட்கார வைத்து டிம் போடச் சொன்னேன். நான் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு முப்பதடி தள்ளி எதிரே போய் உட்கார்ந்தேன். வண்டியும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. விளக்கை அணைத்த பிறகும் கண்ணுக்குள் ஒரு பச்சைத் திட்டு மிதந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அதைக் கழற்றினேன்.

ஏன் அப்படி ஆகிறது என்று அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். பழைய எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பார், டிம் இழைக்கு அடியில் குட்டிக் கிண்ணம் போல ஒரு தகடு இருக்கும். இழையின் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் அது தடுக்கிறது. ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து ரோட்டில் இறங்குகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. மெல்லிய இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்இடியின் பட்டையான சிப் வந்து உட்கார்ந்தால், அதுவும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே, அந்தக் கோடு கலைந்துவிடுகிறது. கலைந்த வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் போய்ச் சேர்கிறது. கம்பெனியிலேயே எல்இடியோடு வருகிற வண்டிகளைச் சொல்லவில்லை. அவற்றின் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அந்த சிப்புக்காகவே செய்யப்பட்டவை.

நமக்கும் அதில் பெரிய லாபம் இல்லை, மூர்த்தி. வண்டிக்கு முன்னால் பத்தடியில் கொட்டிக் கிடக்கும் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்மணி சுருங்கிவிடுகிறது. தூரத்தில் இருக்கும் பள்ளமும் ஆளும் முன்னைவிட மங்கலாகத்தான் தெரியும். பிரகாசமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே குறைவாகப் பார்த்து ஓட்டியிருக்கிறேன்.

சரி, பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பல்பைத் தொடவே இல்லை, முதலில் ஹெட்லைட்டின் முன்கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் நின்று நின்று பழுத்து மஞ்சளாகிவிடும். உன் வண்டியும் வருஷக்கணக்கில் வெயிலில் நிற்பதுதானே. 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டேன். தேய்க்கும்போது வழிந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கடைசியில் வெயில் தாங்கும் கோட்டிங் அடிக்க மறக்காதே, இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

அடுத்தது ஒயர். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் ஓடும்போது விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரை முதலில் பேட்டரியிலும் பிறகு பல்பு ஹோல்டருக்குப் பின்னாலும் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பில் 12.1. மீதி முழுக்க சுவிட்சிலும் மெல்லிய ஒயரிலும் பச்சை பிடித்த எர்த் இணைப்பிலும் சூடாகிப் போகிறது. ஹாலஜன் பல்புக்கு 5 சதவீதம் வோல்டேஜ் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 16 சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, ரிலே என்கிற மின்சுவிட்சைப் போட்டு, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் பல்பில் 13.4 வந்தது. அன்று இரவு அதே பழைய பல்புதான். மகன் நம்பவே இல்லை, புதுசு மாட்டிவிட்டு மறைக்கிறேன் என்றே நினைத்தான்.

இதெல்லாம் எதற்கு, 100/90 வாட் பல்பு போட்டால் போதும் என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். கேட்காதே. நாலரை ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் ஏழரை ஆம்பியர் போனால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் புதுப் பல்பு வாங்கினேன். அதே 60/55 வாட்டில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரும் ஹாலஜன். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று. அதன் ஆயுள் சாதாரண பல்பைவிடக் குறைவு, அது தெரிந்தேதான் வாங்கினேன். நீலப் பூச்சுப் பூசியது வேண்டாம், வெள்ளையாகத் தெரியுமே தவிர அந்தப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரல் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

கடைசியாக அலைன்மெண்ட். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், சீட்டில் ஓர் ஆள் உட்காரட்டும், ஹெட்லைட்டின் உயரம் மாற்றும் திருகு பூஜ்யத்தில் இருக்கட்டும். சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தில் சுவரில் டேப் ஒட்டு. டிம்மின் கோடு அதற்கு 5 சென்டிமீட்டர், அதாவது தூரத்தில் 1 சதவீதம், கீழே விழ வேண்டும். பொதுவாக இதுதான் கணக்கு. உன் வண்டிக்கு வேறு சதவீதம் என்றால் ஹெட்லைட் மேலேயோ பானெட்டுக்குள்ளோ அச்சிட்டிருப்பார்கள். என் வண்டியில் ஒரு பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

ஃபாக் லைட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் எச்8, எச்11, எச்16 என்று ஒன்றுபோலவே இருக்கும் பல்புகள் வரும். 35, 55, 19 வாட். பல்பின் காதை ராவிவிட்டு எதையாவது நுழைத்துவிடாதே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் கூடு சூடு தாங்காது. அதே வாட்டில் மஞ்சள் பல்பு கிடைத்தால் போட்டுக்கொள். பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பார்கள், அதை நம்பாதே. பனித்துளி பெரியது, எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். கூச்சம் குறைவாக இருப்பதுபோல என் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் போட்டிருக்கிறேன். ஃபாக் லைட்டின் பலமே அது தாழ்வாக இருப்பதும், அகலமாக ரோட்டோடு படர்வதும்தான். பனியில் டிம்மோடு சேர்த்துப் போடு, பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். பனி இல்லாத நாளில் அணைத்து வை.

இன்னொன்று. நமக்கு வயதும் ஆகிறது. கண்ணை எப்போது கடைசியாகக் காட்டினாய்? பல்புக்கு முன் அதைப் பார்த்துவிடு. எனக்கே கண்ணாடி பவர் மாறியிருந்தது.

அடுத்த மாதம் இரண்டாவது வாரம் அங்கே வருகிறேன், இரண்டு நாள் தங்குவேன். மல்டிமீட்டரும் ரிலேயும் நான் கொண்டு வருகிறேன். நீ சுவரில் ஒட்ட டேப்பும், நான் எதிரே உட்கார ஒரு ஸ்டூலும் எடுத்து வை.

அன்புடன்,
சேகர்