சீனாய் மலையில் உதிர்ந்த காலணி: உங்கள் பதிலை நான் ஏற்கவில்லை

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தூத்துக்குடி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

நாள்: 12.02.2025

பொருள்: மலையேற்றக் காலணியின் அடிப்பகுதி உதிர்ந்தது, அதற்கு 'முறையற்ற பயன்பாடு' என்று நீங்கள் காரணம் கூறியது தொடர்பாக.

ஐயா,

கடந்த நவம்பரில் தூத்துக்குடியில் உள்ள உங்கள் கடையில் 8,499 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி மலையேற்றக் காலணி வாங்கினேன். எகிப்தில் உள்ள சீனாய் மலையில் ஏறுவதற்கென்றே வாங்கினேன். கடைக்காரரிடமும் அதைச் சொன்னேன்.

1964-இல் ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என் நண்பர். மோசே கட்டளைகளைப் பெற்ற மலையைப் பற்றி ஞாயிறு பள்ளியில் கேட்ட நாளிலிருந்து, அங்கே ஒருமுறை போக வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், கடன் எல்லாம் முடிந்து, அறுபத்தாறு வயதில்தான் கிளம்ப முடிந்தது. அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இந்த ஆண்டை விட்டால் ஏற முடியாது என்று மருத்துவரே சொல்லியிருந்தார்.

ஜனவரியில் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு, புனித கத்தரீன் மடத்தருகே இருந்து பெதுயின் என்ற பாலைவனப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டியுடன் ஒட்டகப் பாதையில் நடந்தோம். மலை 2,285 மீட்டர் உயரம். ஒட்டகப் பாதை முடிந்த பிறகு உச்சிக்குக் கரடுமுரடான 750 கற்படிகள் ஏற வேண்டும். சுமார் நூறு படி ஏறியிருப்போம், இடது குதிகால் தளர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அடிப்பகுதி வாய் பிளந்து தொங்கியது. உள்ளே இருந்த நுரை, தொட்டால் புட்டு மாவு போல உதிர்ந்தது. நண்பர் குளிருக்குத் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து என் காலணியைக் கட்டினார். இருபது படி தாண்டுவதற்குள் வலது காலணியும் போனது. கூர்மையான கல்லில் காலுறையோடு ஏற முடியுமா?

அவரை மேலே போகச் சொன்னேன். கெஞ்சியும் பார்த்தேன். "நீ இல்லாமல் அங்கே எனக்கு என்ன வேலை?" என்று சொல்லி, என் தோளைப் பிடித்து, படிகளுக்குக் கீழே இருந்த தேநீர்க் கடைக்கு இறக்கிவந்துவிட்டார். வெறுந்தலையோடு, காது சிவந்து, அந்தக் குளிரில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சூரியன் உதித்ததை அங்கிருந்தே பார்த்தோம். பிறகு என்னை ஒட்டகத்தில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள்.

நீங்கள் அனுப்பிய பதிலில், பாறைப் பகுதியில் பயன்படுத்தியதால் சேதம் ஏற்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மலையில் பாறை இல்லாமல் வேறு என்ன இருக்கும்? ஊர் திரும்பியதும் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். விலைச் சீட்டு, தயாரிப்பு மாதத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் 2017 என்று இருந்தது. ஏழு ஆண்டு பழைய சரக்கு! இந்தக் காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும், காலில் போடாமல் பெட்டியிலேயே இருந்தாலும் சிதையும். எங்களுடையது வருடம் முழுவதும் புழுங்கும் கடலோர ஊர். இது காலணித் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

பணத்தைத் திருப்பித் தாருங்கள். 'முறையற்ற பயன்பாடு' என்ற சொல்லை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் கடையில் மிச்சமிருக்கும் பழைய ஜோடிகளை இன்றே அகற்றுங்கள். நான் படியில் நின்றிருந்தபோது பிளந்தது, உயிர் பிழைத்தேன். செங்குத்தான சரிவில் இன்னொருவர் காலில் பிளந்தால் என்ன ஆகும்?

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். நீங்கள் கேட்டபடி இடது காலணியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வலது காலணி, பெட்டி, ரசீது மூன்றும் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்