பலகை அசைய இடம் விடு, மாப்பிள்ளை

காங்கயம்
ஆனி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. தோட்டத்து வேம்பை அறுத்து அம்மிணிக்குப் படிக்கிற மேஜையை நீயே செய்யப்போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. கடையில் கிடைக்கிற பார்ட்டிகிள் போர்டு மேஜை ஒரு தரம் தண்ணீர் ஊறினால் உப்பிவிடும். திருகாணி ஒரு தரம் கழன்றால் அதே துளையில் மறுபடி பிடிக்காது. வேம்பு அப்படி இல்லை, ஒழுங்காகச் செய்தால் அவள் பிள்ளைகளும் அதில் உட்கார்ந்து எழுதலாம்.

ஒழுங்காக என்றால் முதலில் இதை மனசில் வை. வெட்டின பிறகும் மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை இழுத்து அகலத்தில் விரியும், மாசி, பங்குனியில் சுருங்கும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். 2 அடி அகலப் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் ஒன்றரை நூலிலிருந்து 2 நூல் வரை அகலம் மாறும் (8 நூல் சேர்ந்தது 1 இஞ்ச்). பசையோ திருகாணியோ அதை நிறுத்தாது. நிறுத்தப் பார்த்தால் பலகை வெடிக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கிற சட்டத்தின் மூட்டு பிய்ந்துகொள்ளும். புது மேஜை ஒரே கோடையில் நடுவில் பிளப்பது பெரும்பாலும் இதனால்தான். மரத்தின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை.

மேஜை 4 அடி நீளம், 2 அடி அகலம், 30 இஞ்ச் உயரம் என்று வைத்துக்கொள். இழைத்த பிறகு மேல்பலகை 7 நூல் கனம், கால் இரண்டே கால் இஞ்ச் சதுரம், சட்டம் 4 இஞ்ச் அகலம், 7 நூல் கனம். இதற்கு நிகர மரம் ஒன்றே கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. முடிச்சு, வெடிப்பு, இழைப்பில் போவது எல்லாம் சேர்த்து இரண்டே கால் கன அடி தேவைப்படும். மில்லில் பலகையை ஒன்றே கால் இஞ்சாக அறுக்கச் சொல். 1 இஞ்சாக அறுத்தால் காய்ந்து வளைந்ததை இழைத்துச் சமன் செய்வதற்குள் முக்கால் இஞ்சுக்கு வந்துவிடும். மரத்தின் நடு மையம் எந்தப் பலகையிலும் வரக்கூடாது, அந்த இடம் கட்டாயம் வெடிக்கும். வேலியோரத்து மரம் என்றால் பழைய கம்பி உள்ளே புதைந்திருக்கலாம், மில்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பிளேடு போனால் அவருக்குப் பெரிய நஷ்டம்.

அடுக்குகிறதில்தான் பாதி வேலை. ஆடிக்காற்று இறங்கப்போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பொள்ளாச்சியில் அடிக்கிற காற்றில் பச்சைப் பலகையை வைத்தால் மேல்தோல் வேகமாகக் காயும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெளிப்பக்கம் சுருங்க, உள்பக்கம் விட்டுக்கொடுக்காமல், மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும். அறுத்த அன்றைக்கே பலகையின் இரண்டு தலைப்பக்கத்துக்கும் பழைய பெயின்ட் இரண்டு கோட் அடி. நாரின் வாய் திறந்திருப்பது அங்கேதான், ஈரம் வேகமாக ஓடுவதும் அங்கேதான். அடுக்குவதற்குத் தோட்டத்துச் சாளை வீட்டின் கிழக்குச் சுவர் ஓரம் நல்லது, நேர்க்காற்றும் பிற்பகல் வெயிலும் படாது. தரையிலிருந்து ஒரு ஹாலோ பிளாக் உயரம் விட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு வைத்து அடுக்கு. மேல் வரிசை ரீப்பரும் கீழ் வரிசை ரீப்பரும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். மாறினால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்துவிடும். மேலே நாலு கல் பாரம் ஏற்றிவை.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு சிறு பலகையை அடுக்கின் நடுவில் வைத்து மாதம் ஒருமுறை எடுத்து எடை போடு. மாசிக்குப் பிறகு இரண்டு மாத எடை ஒன்றாக நின்றால் வேலையைத் தொடங்கலாம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடியும். ஆனால் காலுக்கான இரண்டரை இஞ்ச் கட்டை அதற்குள் காயாது, கனம் இரட்டித்தால் காயும் காலம் அதற்கும் மேலே போகும். காலுக்குப் பழைய மரக்கடையில் இடித்த வீட்டுக் கதவு நிலவுக்கால் பார். அத்தனை வருஷம் காய்ந்த மரம், ஆணியை மட்டும் ஒன்றுவிடாமல் பிடுங்கு.

வாகையும் கலக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதன் உள்மரமான வைரம் நன்றாகவே இருக்கும். வெளியே இருக்கிற வெள்ளையை முழுதாக அறுத்து ஒதுக்கிவிடு, அதிலுள்ள மாச்சத்துக்குத்தான் துளைப்பான் வண்டு வருகிறது. கொஞ்சம் வெள்ளை தவிர்க்க முடியாவிட்டால் 1 லிட்டர் வெந்நீரில் 30 கிராம் போராக்ஸ், 20 கிராம் போரிக் ஆசிட் கரைத்து அந்த இடத்தை நன்றாக ஊறவிட்டுக் காயவை. வாகைத் தூள் தும்மலை இழுக்கும், முகமூடி இல்லாமல் அறுக்காதே. தென்னை உங்கள் ஊரில் மலிவுதான், காலுக்கு வெளிவட்டம் உறுதியாகவும் இருக்கும். ஆனால் உள்வட்டம் பஞ்சு. சாதாரண பிளேடு சீக்கிரம் மழுங்கும், கார்பைடு பல் வைத்த பிளேடுதான் தாங்கும். சிராய் குத்துகிற மரத்தை மேல்பலகைக்கு வேண்டாம் என்பேன்.

வேம்பை இழைக்கும்போது கை சொல்லிக்கொடுக்கும். நார் ஒரு இஞ்ச் இந்தப் பக்கம், அடுத்த இஞ்ச் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். சுருள் சுருளாக வந்துகொண்டிருந்த சீவல் திடீரென்று தூளாக உதிர்ந்தால் உடனே நிறுத்து, அங்கே செதில் செதிலாகப் பிய்கிறது என்று அர்த்தம். இழைப்புளித் தகட்டைத் தீட்டி, காகித கனத்துக்கு மட்டும் வெளியே விட்டு, சாய்வாகப் பிடித்து ஓட்டு. அப்படியும் பிய்ந்தால் ஆசாரிகள் செய்கிற மாதிரி புதிதாக உடைத்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டு. கையில் கனமான துணி சுற்றிக்கொள். பிறகு உப்புத்தாள் 80, 120, 180.

மேல்பலகைக்கு 6 இஞ்ச் பலகை நாலு ஒட்டினால் போதும். ஒட்டப்போகிற இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் இழைத்தால் மட்டம் சற்றுச் சாய்ந்தாலும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். பசை இல்லாமல் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார். நடுவில் மட்டும் காகித அளவு இடைவெளி இருக்கலாம், ஓரத்தில் கூடாது. தலைப்பக்கம்தான் முதலில் காய்ந்து திறக்கும். ஃபெவிகால் எஸ்எச் போதும். காற்று அடிக்கிற மத்தியானத்தில் பசை ஆடை கட்டிவிடும், அதனால் காலையில் நேரமே ஒட்டிவிடு. கிளாம்ப் கீழே 3, மேலே 2. மூட்டு முழுக்கச் சிறு மணியாகப் பசை பிதுங்கினால் சரி. சொட்டுச் சொட்டாக வழிந்தால் அளவு அதிகம். எங்கேயுமே பிதுங்காவிட்டால் பிரித்து மறுபடி தடவு. மறுநாள் காலைவரை கிளாம்பைத் தொடாதே.

காலில் துளை, சட்டத்தின் நுனியில் அந்தத் துளைக்குள் நுழைகிற கழுந்து. நீளச் சட்டம் கழுந்தோடு 42 இஞ்ச், குறுக்குச் சட்டம் 18 இஞ்ச். கழுந்து 3 நூல் கனம், 10 நூல் நீளம், 3 இஞ்ச் அகலம். சட்டத்தின் மேல்விளிம்பில் முக்கால் இஞ்ச், கீழே கால் இஞ்ச் குறைத்துவிடு. மேலே குறைக்காவிட்டால் துளை காலின் தலைவரை போய் வாய் திறந்துகொள்ளும். காலின் வெளிமுகத்திலிருந்து சட்டத்தை 2 நூல் உள்ளே தள்ளி வைத்தால் இரண்டு பக்கத்துக் கழுந்தும் உள்ளே முட்டாது. துளையின் ஆழம் கழுந்தைவிட அரை நூல் கூடுதல், பிதுங்குகிற பசைக்கு இடம் வேண்டும். காலின் தலையில் 1 இஞ்ச் அதிகம் விட்டு, துளை அடித்து முடித்த பிறகு அறு. கொட்டாப்புளி (மரச்சுத்தி) அடியில் தலை பிளக்காது. கடைசியில் 2 நூல் மூங்கில் ஆணி. கழுந்திலுள்ள ஆணித்துளை காலின் துளைக்கு நேராக இல்லாமல் தோள் பக்கமாக, அதாவது கழுந்து சட்டத்தோடு சேருகிற பக்கமாக, அரை நூல் தள்ளி இருக்கட்டும். ஆணி இறங்க இறங்க மூட்டை இழுத்து இறுக்கும்.

இனி மேல்பலகையைச் சட்டத்தில் மாட்டுவது. பசை ஒரு துளியும் கூடாது. சட்டத்தின் உள்முகத்தில், மேல்விளிம்பிலிருந்து அரை இஞ்ச் கீழே, 3 நூல் அகலம் 3 நூல் ஆழத்துக்குக் காடி ஓட்டு. அதில் நுழைகிற நாக்கோடு 8 மரக்கொக்கி செய். நாக்கின் நீளவாக்கிலேயே நார் போகவேண்டும், குறுக்கே போனால் முதல் இறுக்கிலேயே முறியும். நீளச் சட்டத்துக்கு மூன்று மூன்று, குறுக்குச் சட்டத்துக்கு நடுவில் ஒன்று ஒன்று. கொக்கியைப் பலகையின் அடியில் மட்டும் திருகாணியால் முடுக்கு, 7 நூல் பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே வராத அளவு திருகாணியாகப் பார். நீளச் சட்டத்துக் கொக்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே 1 நூல் சந்து விடு. பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் நாக்கு காடிக்குள் நகர்ந்துகொள்ளும்.

பாலிஷ் விஷயத்தில் பாட்டிமார் சொல்கிற தேங்காய் எண்ணெய் வேண்டாம். இந்த ஊர்ச் செக்கெல்லாம் அதைத்தான் ஆட்டுகிறது, ஆனாலும் அது காய்ந்து படலமாகாது, தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும். அரக்குப் பாலிஷ் அழகுதான், சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். பிள்ளை படிக்கிற மேஜைக்குப் பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் போடு. முதல் கோட்டை அதற்கான தின்னரில் நன்றாக நீர்க்க விட்டு, அடுத்த கோட்டுகளுக்கு நடுவே 320 தாள் லேசாகத் தேய்த்து, மொத்தம் மூன்று. அடிப்பக்கத்துக்கும் அதே மூன்று. மேலே மட்டும் பூசினால் அடியில் ஈரம் ஏறி இறங்கிப் பலகை குழிந்துபோகும். ஆளிவிதை எண்ணெய்தான் வேண்டுமென்றால் பூசின துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதே, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, இல்லை தண்ணீரில் அமுக்கு.

அம்மிணி உட்காரப்போகிற நாற்காலியின் உயரத்தை அளந்து எழுது. சட்டத்துக்குக் கீழே முழங்காலுக்கு 25 இஞ்ச் கிடைக்கும். இருக்கை 18 இஞ்சுக்கு மேல் என்றால் சட்டத்தை மூன்றரை இஞ்சாகக் குறைக்கவேண்டி வரும், கழுந்தின் அளவும் அதோடு மாறும். மில்லுக்கு எந்தக் கிழமை போகிறாய் என்றும் சொல். பெயின்ட் டப்பா கையோடு எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் காங்கயத்து மாப்பிள்ளை