பிறவி இதயக் குறைபாடுள்ள பெரியவர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கை தபாலில் போகும். அவர்களைப் பற்றியும் கீழே உண்டு.

நிர்வாகக் குழு வழக்கம்போல் கூடியது. பல் பரிசோதனை முகாம் நடந்தது. புதிய உறுப்பினர்கள் சிலர் சேர்ந்தனர். சுற்றுலாவுக்குப் போதிய பேர் பெயர் கொடுக்காததால் கைவிடப்பட்டது.

இனி, உறுப்பினர்கள் தங்கள் இதய விவரங்களை நிரப்பித் தரும் அட்டைத் திட்டம். இது செயலாளரின் பொழுதுபோக்கு என்று குழுவிலேயே பேச்சு அடிபட்டதாகக் கேள்வி. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சிறு வயதில் ஓட்டையை அடைத்தாயிற்று, கணக்கு முடிந்தது, மாரடைப்பெல்லாம் மற்றவர்களுக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1944இல் நீலக் குழந்தைகளுக்கான (இதயக் குறையால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பூத்தவர்கள்) முதல் அறுவை நடப்பதற்கு முன்னால், கடுமையான குறையோடு பிறந்தவர்கள் நடுவயதைப் பார்ப்பதே அபூர்வம். இன்று மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில் இப்படிப் பிறக்கும் 100 பேரில் 90 பேருக்கு மேல் பெரியவர்களாகிறார்கள். வயது ஏறினால் வயதோடு வருவதும் வரத்தானே செய்யும்? ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, அப்புறம் இதயத் தமனி அடைப்பு.

நமக்குச் சொந்தக் காரணங்களும் உண்டு. பெருந்தமனி குறுகிப் பிறந்தவர்களுக்கு, அதைச் சரிசெய்து பல ஆண்டுகள் கழித்தும் ரத்த அழுத்தம் ஏறலாம். பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்து, அவற்றை மாற்றிப் பொருத்திக்கொண்டவர்களுக்கு, இதயத் தமனிகளையும் பெயர்த்துத் தைத்திருப்பார்கள். தைத்த வாய் பின்னாளில் சுருங்கலாம். அந்த அறுவையில் நரம்புகளும் அறுபடுவதால் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். இது போக, "ஓடாதே, குதிக்காதே" என்று வளர்க்கப்பட்டு உட்கார்ந்தே பழகிய உடம்பு நம்முடையது.

அதனால்தான் அட்டை. என்ன குறை, எந்த ஆண்டு என்ன அறுவை, கடைசியாகப் பார்த்த கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் உண்டா, இதய மருத்துவரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது. கடைசி வரி: 'ரத்த அழுத்தம் எந்தக் கையில்?' இதைப் பார்த்துத்தான் சிலர் சிரித்தார்கள். முகாமில் ஒருவர் இடது கையை நீட்டினார். மேல் எண் 112. "நார்மல்தான் சார்" என்று எழுந்தவரை உட்காரவைத்து வலது கையில் பட்டையைச் சுற்றினோம். 158. இடது கைக்குப் போகும் தமனியை எடுத்துத்தான் சிறுவயதில் அவருடைய பெருந்தமனிக் குறுக்கத்தைச் சரிசெய்திருந்தார்கள்; அந்தக் கை காட்டுவது எப்போதும் குறைவாகவே இருக்கும். வலது கைத் தமனியிலிருந்து நுரையீரலுக்கு இணைப்புப் போட்டவர்களுக்கு இதுவே தலைகீழ். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கொடுத்த அட்டைகளில் பாதிகூடத் திரும்பவில்லை. திரும்பியவற்றிலும் 'கடைசியாகப் பார்த்தது எப்போது' என்ற இடம் நிறையப் பேருக்குக் காலி. மறந்துபோய் விட்டது என்று நம்ப எனக்கும் ஆசைதான். சந்தாவுக்குப் போன் செய்தால் "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்கிறவர்கள், எந்த நேரத்தில் செய்தாலும் வண்டிதான் ஓட்டுகிறார்கள். பருத்த கைக்கான பெரிய பட்டை, கட்டியவர்களின் பணத்தில் வாங்கியது. கட்டாதவர்களின் கையிலும் அதைத்தான் சுற்றினோம்.

கணக்கு விவரம் பொருளாளர் தருவார். சுருக்கமாக, வரவு செலவைத் தொட்டுவிட்டது, வைப்புநிதியில் கைவைக்கவில்லை, சில சில்லறைச் செலவுகளுக்கு ரசீது வர வேண்டியிருக்கிறது.

இலவசமாக வந்து உதவிய செவிலியர்களுக்கும், கூடம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், பொறுமையாக இருந்த தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எல்லோருக்கும் கொழுப்பு, சர்க்கரைப் பரிசோதனை நடத்தலாம் என்று ஒரு எண்ணம். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் இருந்தால் நடத்தலாம். இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விதிப்படி அவர் சந்தா பாக்கி இல்லாதவராக இருக்க வேண்டும்; பதிவேட்டைப் புரட்டினால் போட்டி கடுமையாக இருக்கும் என்று தோன்றவில்லை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். நிரப்பிய அட்டையும் சந்தாவும் கையோடு இருந்தால் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்